இரண்டு வரி மனுவுக்கு ஒரு வரிப் பதில்

1. பலகை

2005-ஆம் ஆண்டு முடிவில் என் மேஜைக்குப் பின்னால் ஒரு தகரப் பலகை மாட்டினார்கள். ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று எழுதி, கீழே என் பெயரும் மேலாளர் என்ற பதவியும். ரெக்கார்டு கிளார்க் முனுசாமி ஸ்டூல் மேல் ஏறி ஆணி அடித்தார். இறங்கி, தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

“போட்டோவ மாட்டுனாப்ல கீது சார். மாலதான் பாக்கி.”

செக்‌ஷனே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு. செங்கல்பட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவிலுள்ள ஒரு நகராட்சி அது. பெயர் வேண்டாம், என் குறையைச் சொல்ல வந்து ஊர்ப் பெயரை இழுப்பானேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே நகரமைப்புப் பிரிவில் உதவியாளராக இருந்தேன். பிறகு வேறு ஊர்களுக்கு மாறுதலாகிச் சுற்றிவிட்டு, மேலாளராக அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்திருந்தேன்.

தகவல் உரிமைச் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் வெள்ளைத்தாளில் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தவறினால் அபராதம் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். மதியம் தயிர்சாதத்துக்குப் பிறகு நடத்திய பகுதியில்தான் முக்கியமான பிரிவுகள் எல்லாம் வந்தன என்று பின்னால் தெரிந்தது.

2. ‘பெரிய மனு’ என்ற பத்தி

முதல் ஆறு மாதம் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தேன். பிறகு தாமோதரன் வந்தார்.

வெள்ளைச் சட்டை, கையில் ஜிப் வைத்த ரெக்சின் பை. கடற்கரைச் சாலைப் பக்கத்து லாட்ஜ், ஓட்டல் எல்லாவற்றின் கட்டட அனுமதி வரைபடங்களும் நகல் வேண்டும் என்றார். கொடுத்தோம். முனுசாமி மூன்று நாள் ஜெராக்ஸ் கடையில் நின்றார். அடுத்த வாரம் ஒரு லாட்ஜ்காரர் என் மேஜைக்கு வந்து கத்தினார்.

“நீங்க பிளான் காப்பியக் குடுத்து அனுப்புறீங்க, அந்த ஆளு வந்து ‘ரெண்டடி தள்ளிக் கட்டிகிற, இன்னா செய்யலாம்’னு குந்திகினு கீறான். இது இன்னா சார் நாயம்?”

தாமோதரனுக்கு அது தொழில் என்று அப்போது புரிந்தது. அவருடைய அடுத்த மனுவில் நூற்றுக்கு மேல் கேள்விகள். அதற்கடுத்த மனுவில் பதினைந்து ஆண்டு வரைபடங்கள். வரி வசூல், குடிநீர், பிறப்புச் சான்று எல்லாம் நிற்க, பாதி அலுவலகம் அவருக்காக ரெக்கார்டு அறையில் தூசி தட்டியது. எனக்கு இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியதும் அந்த வருடம்தான்.

ஒரு நாள் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது பிரிவு 7(9) கண்ணில் பட்டது. கேட்ட தகவலைக் கேட்ட வடிவில் தருவது அலுவலக வளங்களை அளவுக்கு மீறித் திசைதிருப்பும் என்றால் அந்த வடிவில் தர வேண்டியதில்லை என்று போகிறது அது. நான் ‘தர வேண்டியதில்லை’ என்பதை மட்டும் பார்த்தேன். பசித்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றே ஒரு பத்தி எழுதினேன். ‘தாங்கள் கோரியுள்ள தகவல்கள் பெருமளவிலானவை. அவற்றைத் தொகுத்தளிப்பது இவ்வலுவலகத்தின் அன்றாடப் பணிகளைப் பாதிக்கும். எனவே பிரிவு 7(9)-இன்படி தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது.’ தட்டச்சர் அதைக் கம்ப்யூட்டரில் ‘பெரிய மனு’ என்ற பெயரில் சேமித்து வைத்தார். தாமோதரனுக்கு அனுப்பினோம். அவர் மேல்முறையீடு செய்யவில்லை. பக்கத்து ஊராட்சிக்குப் போய்விட்டார். பத்தி பலித்துவிட்டது.

ஒரு மருந்து ஒரு நோய்க்குக் கேட்டுவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் அதையே கொடுப்பது நம் வழக்கம். அந்தப் பத்தியும் அப்படியே ஆயிற்று. நாலு பக்கத்துக்கு மேல் எந்த மனு வந்தாலும் ‘பெரிய மனு போட்டுடலாமா சார்?’ என்பார் தட்டச்சர். நானும் தலையாட்டினேன். பேரும் ஊரும் மட்டும் மாறும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

3. ஏகாம்பரம்

2007 கோடையில் ஏகாம்பரத்தின் மனு வந்தது. 1990 முதல் 1999 வரை நகராட்சிக்கு வந்த எல்லாத் தபால்களின் பதிவேடுகளும், எல்லாப் பிரிவு உதவியாளர்களின் தன்பதிவேடுகளும் நகல் வேண்டும் என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். தன்பதிவேடு என்பது ஒவ்வொரு உதவியாளரும் தன்னிடம் வந்த தாள்களை வரிசையாக எழுதி, எதை எப்படி முடித்தோம் என்று குறிக்கும் நோட்டு. பத்து ஆண்டுக்கு அத்தனை பிரிவுக்கும் என்றால் ஒரு மாட்டு வண்டி கொள்ளும்.

நான் மனுவை இரண்டாம் முறை படிக்கவே இல்லை. ‘பெரிய மனு’ போனது.

அவர் விடவில்லை. மேல்முறையீடு செய்தார். மேல்முறையீடு எங்கள் ஆணையரிடம்தான் வரும். அந்த வருடம் வந்திருந்த ஆணையர் ஒரு பெண். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எதையும் முழுதாகப் படிக்கிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு.

விசாரணை நாளன்று ஏகாம்பரம் காலையில் வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஃபிட்டர். இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, நீல யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார். நகத்தில் கிரீஸ் கறை இருந்தது.

“பத்து வருஷப் பதிவேடு எதுக்குங்க உங்களுக்கு?” என்றார் ஆணையர்.

“மேடம், எனக்கு ஒரே ஒரு தாள்தான் வோணும். எங்கப்பா குடுத்தது. அத்த நீங்க எந்த சீட்டுல, இன்னா நம்பர்ல, இன்னா பேரு போட்டு வெச்சிகிறீங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்? தெரிஞ்சா அத்த மட்டும் கேட்டுகினு போயிருப்பேன். தெரியாததாலதான் அல்லாத்தயும் கேட்டேன்.”

விஷயத்தைச் சொன்னார். ஏரிக்கரைத் தெரு வளைவில் அவர்கள் வீடு. தொண்ணூறுகளில் பஸ் திரும்புவதற்காக அந்த வளைவை நகராட்சி அகலப்படுத்தியது. அவருடைய அப்பா கோவிந்தன் பக்கவாட்டில் தன் சொந்த இடத்தைச் சாலைக்கு விட்டுக்கொடுத்தார். பதிலாக, வீட்டுக்கு முன்னால் யாருக்கும் பயன்படாமல் கிடந்த பழைய வண்டிப்பாதையைத் தனக்கு விட வேண்டும் என்று வரைபடத்தோடு ஒரு கடிதம் கொடுத்தார். என்ஜினீயர் வந்து பார்த்து, ‘நீங்க கட்டிக்கோங்க, கவுன்சில்ல வெச்சுடறோம்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். சாலை போட்டார்கள். அப்பா அந்த வண்டிப்பாதை மேல் ஒரு முன்னறை கட்டினார். பிறகு இறந்துபோனார்.

இப்போது சாலையைப் புதுப்பிக்கப் பழைய வரைபடத்தை விரித்தால் அந்த அறை முழுதும் வண்டிப்பாதை மேல் நிற்கிறது. ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்துவிட்டது. அந்த அறையில்தான் அவர் மனைவி நாலு தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறார்.

“ஓசில கட்டுன வூடுன்னு தெருவே பேசுது மேடம். நாங்க எடம் குட்த்தவங்க. அது ஒண்ணு எழுத்துல வந்தாப் போதும்.”

ஆணையர் என் பத்தியைப் படித்தார். பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்து 7(9)-ஐ மெதுவாக, ஒரு சொல் விடாமல் வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதுல நிராகரிக்கலாம்னு எங்க சார் இருக்கு? கேட்ட வடிவத்துல குடுக்க முடியலன்னா வேற வடிவத்துல குடுங்கன்னுதான இருக்கு? நகல் எடுத்துக் குடுக்கறது பாரம்னா, அவர உள்ள உக்கார வெச்சுப் பார்க்க விடலாமே. ஒரு வருஷமா இதையா அனுப்பிக்கிட்டிருக்கீங்க?”

அனுப்பிய அத்தனை பேருடைய பெயரும் நினைவுக்கு வரவில்லை. அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது. “வேலை பார்க்க ஆள் இல்ல மேடம்” என்றேன். அது பொய்யும் இல்லை. எட்டுப் பணியிடத்தில் மூன்று காலி.

“ஆள் இல்லங்கறது உண்மைதான். அத எனக்கு எழுதுங்க. அவருக்கு எழுதாதீங்க” என்றார்.

4. ரெக்கார்டு அறை

மறு வாரமே ஏகாம்பரம் வந்தார். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து உட்காருவார். மதியம் போய்த் தூங்குவார். கடல் காற்று அடிக்கிற ஊர் என்பதால் ரெக்கார்டு அறையில் ஜெம் கிளிப்பெல்லாம் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கும். விசிறி கிடையாது, போட்டால் தாள் பறக்கும். முனுசாமி முதல் நாள் முறைப்பாக ஒரு கட்டைக் கொண்டுவந்து தொப்பென்று போட்டார். இரண்டாம் நாள் டீ வாங்கிக் கொடுத்தார்.

“பாவம் சார், அந்தாளு. லைன் லைனா வெரல வெச்சுப் பட்ச்சிகினு கீறாரு. நம்ம ஆபீசுல யாரும் இத்தினி கவனமாப் பட்ச்சது இல்ல” என்றார் என்னிடம்.

இந்த இடத்தில், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு கோப்பை முடிக்கும்போது அதன் ஆயுளையும் நாமே எழுதுகிறோம். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. ஒரு வருடம் கழித்து அழிக்கலாம். மூன்றாண்டு, பத்தாண்டு என்று உண்டு. நிலம் சம்பந்தப்பட்டது என்றால் நிரந்தரம். இந்த இரண்டு எழுத்தைப் போடுவது உதவியாளர். மேலே உள்ளவர்கள் அடியில் கையெழுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான்.

நிரந்தரக் கோப்பு என்றால் பக்க எண் போட்டு, பொருளடக்கம் எழுதி, நூல் கோத்துத் தைத்து, ரெக்கார்டு அறையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அரை நாள் வேலை. ஓ.மு. என்றால் நாடாவைக் கட்டித் தூக்கிப் போட்டால் தீர்ந்தது. மாதக் கடைசியில் ‘உன்னிடம் எத்தனை தாள் நிலுவை?’ என்று பட்டியல் கேட்பார்கள். நிலுவை அதிகம் இருந்தால் எல்லார் முன்னும் நிற்க வைத்துத் திட்டுவார்கள். அதனால் மாதம் பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது எல்லா மேஜையிலும் ஓ.மு. மழை பெய்யும். நிலுவையே இல்லாத உதவியாளர் என்று எனக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர் இருந்தது.

நாலாம் நாள் பதினோரு மணிக்கு ஏகாம்பரம் இரண்டு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. முகத்தில் மட்டும் ஒரு தெளிவு.

“கெட்ச்சிடுச்சி சார். இங்க பாருங்க, எங்கப்பா பேரு.”

தபால் பதிவேட்டில், 1993-ஆம் வருடத்துப் பக்கத்தில், அந்த வரி இருந்தது. ‘கோவிந்தன், ஏரிக்கரைத் தெரு. சாலைக்கு இடம் விட்டு, பதிலாக முன்புற வண்டிப்பாதை கோருதல். வரைபடத்துடன்.’ பக்கத்தில் எந்தப் பிரிவுக்குப் போனது என்ற எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தன்பதிவேட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தது: ‘சாலை அமைக்கப்பட்டுவிட்டது. மேல் நடவடிக்கை தேவையில்லை. ஓ.மு.’

கீழே ஒரு சுருக்கொப்பம். வால் நீண்டு, அடியில் ஒரு கோடு.

“இது யாரு சார் போட்டது? அவர் இப்ப எங்க கீறாரு? கேட்டா கோப்பு எங்கன்னு சொல்லுவாரு இல்ல?”

அது என் ஒப்பம். இப்போது வாலைக் குறைத்துவிட்டேன். கோடு மட்டும் இன்னும் போடுகிறேன். அவர் கையில் வைத்திருந்த நிராகரிப்புக் கடிதத்திலும் அதே கோடு இருந்தது. அவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சாலை போட்டாயிற்று, அதனால் கோப்பு முடிந்தது என்று நினைத்திருக்கிறேன். எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவருக்குத் தர வேண்டியது கவுன்சிலுக்குப் போகாமலே நின்றுவிட்டது. கடிதமும் வரைபடமும் ஓராண்டு கழித்துக் கூழாகியிருக்கும். சட்டப்படி பார்த்தால் அந்தப் பதிவேடுகளையும் எப்போதோ அழித்திருக்க வேண்டும். யாருக்கும் அதைச் செய்யச் சோம்பல். எங்கள் சோம்பல் கொன்ற கோப்புக்கு எங்கள் சோம்பலே சாட்சியைக் காப்பாற்றி வைத்திருந்தது.

“யாருன்னு பார்த்துச் சொல்றேன். நாளைக்கு வாங்க” என்றேன்.

அவர் நம்பிப் போனார்.

5. மறுநாள்

அன்று வீட்டில் தட்டைப் பாதியிலேயே தள்ளி வைத்தேன். என் மனைவி ‘ஆபீசுல மறுபடி அந்த தாமோதரனா?’ என்று கேட்டாள். ‘இல்ல, இது நான்’ என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை. ஓய்வு பெற இரண்டு வருடத்துக்கும் குறைவாகவே இருந்தது. ‘அப்போதைய உதவியாளர் மாறுதலில் சென்றுவிட்டார்’ என்று எழுதினால் அதுவும் பொய்யில்லை. உண்மையிலேயே மாறுதலில் போனேன். திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டால் போதும். அந்த வாக்கியத்தை மனதில் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருடம் அப்படிப்பட்ட வாக்கியங்கள் எழுதியே பிழைத்தவன் நான்.

காலையில் அவர் வந்து நின்றபோது சொல்லிவிட்டேன்.

“அது நான்தாங்க போட்டேன். கோப்பு இல்ல. அழிச்சிருப்பாங்க. தப்பு என்னோடது.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பதிவேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்கப்பாவ உங்களுக்கு ஞாபகம் கீதா சார்?”

“இல்ல.”

“ஒயரமா இருப்பாரு. ஒரு காது கேக்காது.”

“இல்லங்க. ஞாபகம் இல்ல.”

“சரி விடுங்க” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பக்கங்களுக்கும் சான்றிட்ட நகல் போட்டேன். கூடவே ஒரு கடிதமும் எழுதினேன். கோவிந்தனின் கடிதம் வரைபடத்தோடு பெறப்பட்டது. அவர் விட்ட இடத்தில் சாலை அமைக்கப்பட்டது. அவர் கோரியது கவுன்சிலில் வைக்கப்படாமலே கோப்பு தவறாக ஓராண்டு முடிவில் முடிக்கப்பட்டது. முடித்தவர் இக்கடிதத்தில் கையெழுத்திடும் அலுவலரே. ஆணையரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“இத நீங்க குடுத்தா உங்களுக்கு நானே மெமோ தரணும். தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

“கடைசி வரி இல்லாமலும் அவருக்கு வேலை நடக்கும்.”

“நடக்கும் மேடம். ஆனா நேத்து அவர நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்த ஒரு நாளுக்காச்சும் இருக்கட்டும்.”

அவர் அலுவலக நகலின் ஓரத்தில் ‘அனுப்பலாம்’ என்று எழுதிக் கொடுத்தார்.

மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். இன்கிரிமென்ட் நிறுத்தினார்கள். செக்‌ஷனில் சிலர் ‘பெரிய அரிச்சந்திரன்’ என்று காதுபடவே பேசினார்கள். காலியிடம் மூன்றும் காலியாகவே இருந்தன. தாமோதரன் பக்கத்து ஊராட்சியில் அலுத்துப்போய்த் திரும்பி வந்தார். இந்த முறை ‘பெரிய மனு’ போடவில்லை. ‘எல்லாம் பார்வையிடலாம், வாங்க’ என்று தேதி கொடுத்தேன். விசிறி இல்லாத அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். மறுநாள் வரவில்லை. உண்மையில் தேவைப்படுகிறவர் உட்காருவார் என்பதை அன்றுதான் கற்றேன். மறுக்க அனுமதி தேடி ஒரு வருடம் அலைந்தவனுக்கு, கதவைத் திறந்து வைத்தாலே பாதிச் சுமை குறையும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

6. அந்தத் தாள்

சாலை வேலைக்கு ஜேசிபி வந்தது. ஏரிக்கரைத் தெருவில் நாலைந்து படிக்கட்டுகள், இரண்டு கூரைகள் போயின. ஏகாம்பரம் வீட்டுப் படியும் போயிற்று. முன்னறையைத் தொடவில்லை, ஆணையர் நிறுத்தி வைத்து, இடமாற்றத்தைக் கவுன்சிலில் வைத்தார். இரண்டு கூட்டம் தள்ளிப்போட்டு மூன்றாவதில் நிறைவேற்றினார்கள். பதினான்கு வருடம் முன்னால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

தீர்மான நகல் வாங்க அவர் கடைசியாக வந்தார். நானே எடுத்து வைத்திருந்தேன். இந்த முறை மனு எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்தார். பிறகு அதே பையிலிருந்து வேறொரு தாளை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்.

“இத்த நீங்க வெச்சிக்கோங்க சார். எனக்கு இனிமே வோணாம்.”

அது அவர் போட்ட முதல் மனு. பத்து வருடப் பதிவேடு கேட்ட மனுவுக்கு மூன்று மாதம் முந்தியது. எனக்கு அப்படி ஒன்று வந்ததே நினைவில்லை. இரண்டே வரி. ‘ஏரிக்கரைத் தெரு கோவிந்தன் சாலைக்கு இடம் விட்டதாகக் கொடுத்த கடிதம் உள்ளதா? இருந்தால் ஒரு நகல் தரவும்.’ அதன் பின்னால் என் பதில் பின் செய்யப்பட்டிருந்தது. அது ஒரு வரி.

“இதுக்கு ஒழுங்கா பதில் வந்திருந்தா நான் எதுக்கு சார் பத்து வருஷத்தக் கேக்கப்போறேன்?” என்றார். கோபமே இல்லை அவர் குரலில். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போதும் தகவல் அலுவலராகப் புதிதாகப் பொறுப்பேற்ற பிள்ளைகள் யாராவது வீட்டுக்கு வந்து, ‘ரொம்பப் பெரிய மனு சார், எப்படி மறுக்கிறது?’ என்று கேட்கிறார்கள். 7(9)-ஐ முழுதாகப் படிக்கச் சொல்கிறேன். அதே ஆள் அதற்கு முன் சின்னதாக ஏதாவது கேட்டிருந்தாரா, அதற்கு என்ன எழுதினீர்கள் என்று தேடிப் பார்க்கச் சொல்கிறேன். பிறகு அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் ஒரு வரிப் பதிலைக் காட்டுகிறேன்.

‘தேடிப் பார்த்ததில் அப்படி ஒரு கோப்பு கிடைக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறது. அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.